தாயைப் பார்த்துக்கொள்ள வந்த மகள்

வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் வாழ்க்கை வரலாறு

வீட்டில் ஒருவர் நோயில் படுத்துவிட்டால், இன்னொருவர் தம் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. கஞ்சி காய்ச்ச வேண்டும். வேளை தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும். இரவில் கண் விழிக்க வேண்டும். பெரும்பாலும் இந்த வேலை தாய்க்கோ, மகளுக்கோ, மருமகளுக்கோதான் வந்து சேருகிறது.

அப்படித் தாயைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு மகள், பிற்காலத்தில் நாடு அறிந்த டாக்டர் ஆனார். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியை உண்டாக்கினார். அவர் பெயர் ஐடா ஸ்கடர். ஆனால் அவர் வாழ்க்கை திசை திரும்பியது வேலூரில் அல்ல, திண்டிவனத்தில்.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள் வரும். புதுச்சேரி சாலையில் போனால் ஆரோவில்லைச் சுற்றியுள்ள ஊர்கள் வரும். ஆரோவில் 1968-ம் ஆண்டில் தோன்றியது. ஐடா வந்த காலத்தில் அந்தப் பெயரே கிடையாது. செம்மண் மேடும், பனை மரங்களும், சிற்றூர்களும், கடலோர உப்பளங்களும்தான் இருந்தன.

டாக்டர் குடும்பம்

ஐடா 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி இராணிப்பேட்டையில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர்கள். தந்தை ஜான் ஸ்கடர், மிஷன் டாக்டர். தாய் பெயர் சோபியா. பல ஆண் பிள்ளைகளுக்கு நடுவே ஐடா ஒரே பெண்.

பாட்டனார் பெயரும் ஜான் ஸ்கடர்தான். அவரும் டாக்டர். நியூயார்க்கில் தொழில் செய்துகொண்டிருந்தவர், 1819-ம் ஆண்டில் கப்பலேறினார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். பிறகு சென்னைக்கு வந்தார். அவர் பிள்ளைகள் பலரும் ஆற்காடு வட்டாரத்தில் மிஷன் பணி செய்தார்கள். அதனால் ஸ்கடர் என்ற பெயர் வட தமிழ்நாட்டில் அறிமுகமான பெயர்.

ஐடா சிறுமியாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய பஞ்சம் அது. பசியால் துவண்டுபோன குழந்தைகளுக்கு அந்தச் சிறுமி ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள். எழுந்து வர முடியாத குழந்தைகளையும் பார்த்தாள். அந்தக் காட்சி அவள் மனத்தை விட்டு அகலவில்லை.

பிறகு குடும்பம் அமெரிக்கா போயிற்று. சில ஆண்டுகளில் தந்தை இந்தியா திரும்பினார். தாயும் பின்னால் புறப்பட்டார். ஐடா மட்டும் உறவினர் வீட்டில் விடப்பட்டாள். பிரிவு அவளை வாட்டியது. இந்தியா என்றாலே பஞ்சமும் பிரிவும்தான் என்று தோன்றியது. மிஷன் வேலைக்குப் போவதில்லை என்று முடிவு செய்தாள். மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்பீல்டு என்ற ஊரில் படித்தாள். அமெரிக்காவிலேயே மணம் செய்துகொண்டு நிம்மதியாக வாழலாம் என்பது அவள் எண்ணம்.

திண்டிவனத்திலிருந்து வந்த செய்தி

1890-ம் ஆண்டில் ஒரு செய்தி வந்தது. தாய்க்கு உடல் நலம் இல்லை. பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தார்கள். வீட்டைப் பார்க்கவும், தாயைக் கவனிக்கவும் ஆள் வேண்டும்.

ஐடா புறப்பட்டார். அவருக்கு அப்போது சுமார் 20 வயது. கொஞ்ச காலம் இருந்து தாயைத் தேற்றிவிட்டு, அமெரிக்கா திரும்பிவிட வேண்டும் என்பதே அவர் திட்டம்.

திண்டிவனத்தில் தாய்க்குப் பணிவிடை செய்தார். தாய் பார்த்துவந்த வேலைகளையும் ஏற்றார். பெண் குழந்தைகளின் பள்ளிக்கூடத்தையும் நடத்தினார். தாய் மெல்ல மெல்லத் தேறி வந்தார். மகளுக்குப் புறப்படும் நாள் நெருங்கி வருவதுபோல் இருந்தது. ஆனால் நடந்தது வேறு.

ஒரே இரவில் மூன்று பேர்

ஒரு நாள் இரவு. ஐடா அறையில் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஆள் அரவம் கேட்டது. வந்தவர் ஒரு பிராமணர். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் தவித்துக்கொண்டிருந்தாள். மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உதவிக்கு வரவேண்டும் என்று அவர் ஐடாவை வேண்டினார்.

தமக்கு வைத்தியம் தெரியாது, தம் தந்தைதான் டாக்டர் என்று ஐடா சொன்னார். தந்தையை அழைத்துவருவதாகவும், தாமும் கூட வருவதாகவும் சொன்னார். அந்த மனிதர் தயங்கினார். அவர்கள் குலத்தில் அந்நிய ஆண் பெண்ணைப் பார்ப்பது வழக்கம் இல்லை. மனம் உடைந்து திரும்பிப் போனார்.

சிறிது நேரத்துக்கெல்லாம் இன்னொருவர் வந்தார். அவர் முஸ்லிம். அவர் மனைவிக்கும் அதே நிலைமை. அவரும் பெண் டாக்டரைத்தான் கேட்டார். ஆண் டாக்டர் வரலாமா என்றதும் அவரும் இருட்டில் திரும்பினார். அதே இரவில் மூன்றாவதாக ஒருவர் வந்தார். அவர் மேல்சாதி இந்து. அவர் கேட்டதும் அதுவே. அவரும் வெறுங்கையுடன் போனார்.

ஐடாவுக்கு அன்று உறக்கம் வரவில்லை. விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. விசாரித்துவர ஆள் அனுப்பினார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்த மூன்று கணவன்மாரும் மனைவிமேல் அன்பு இல்லாதவர்கள் அல்லர். நடு இரவில் அறிமுகமில்லாத வெள்ளைக்காரர் வீட்டுக்கு நடந்து வந்து உதவி கேட்டார்கள். தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். ஆனால் வழக்கம் வழியை மறித்தது. பெண்ணுக்கு வைத்தியம் செய்யப் பெண் டாக்டர் அக்கம்பக்கத்தில் இல்லை. அன்பு இருந்தும், தக்க உதவி வாசல் தாண்டி உள்ளே வர முடியவில்லை.

ஐடா அன்றே முடிவு செய்தார். பெற்றோரிடம் போய், அமெரிக்காவில் டாக்டருக்குப் படித்துவிட்டு இந்தியா திரும்பப் போவதாகச் சொன்னார்.

படிப்பும் திரும்பி வருதலும்

1895-ம் ஆண்டில் பிலடெல்பியா நகரிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி 1898-ம் ஆண்டில் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஐடா அங்கே மாறினார். 1899-ம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

புறப்படுவதற்கு முன் வேலூரில் பெண்கள் ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. ஷெல் என்ற செல்வர், காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ம் ஆண்டு பிறந்தபோது ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். அனுபவம் வாய்ந்த தந்தையின் பக்கத்தில் இருந்து தொழில் பழகவேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசை நிறைவேறவில்லை. தந்தைக்குப் புற்றுநோய் கண்டிருந்தது. சில மாதங்களில், அதே ஆண்டிலேயே அவர் இறந்துபோனார்.

தாய்க்காகக் கடல் கடந்து வந்த மகள் டாக்டராகத் திரும்பியும், தந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய்க்கு அக்காலத்தில் இருந்த வைத்தியம் மிகக் குறைவு. டாக்டர் வீட்டுக்கும் சாவு வரும். அதைத் தொழிலின் தொடக்கத்திலேயே ஐடா கண்டார்.

ஜன்னல் வழியே வைத்தியம்

வேலூரில் மிஷன் பங்களாவின் ஒரு சிறிய அறையில் வைத்தியம் தொடங்கிற்று. ஜன்னல் வழியே மருந்து கொடுத்தார். உதவிக்குப் பயிற்சி பெற்ற நர்சு கிடையாது. சமையற்காரரின் மனைவி சலோமிதான் உதவியாள். அவருக்கு ஐடா கற்றுக்கொடுத்தார். அவர் கற்றுக்கொண்டார்.

முதலில் ஊரார் தயங்கினார்கள். இளம் பெண்ணுக்கு என்ன வைத்தியம் தெரியும் என்று நினைத்தார்கள். பிறகு ஒருவர் இருவராக வந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம் செய்தார்.

1902-ம் ஆண்டில் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஆஸ்பத்திரி அது.

இதற்குள் வீட்டில் நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. ஒரு காலத்தில் படுக்கையில் கிடந்த தாய் சோபியா, இப்போது மகளோடு தங்கி வீட்டைப் பார்த்துக்கொண்டார். பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்று களைத்து வரும் மகளுக்குத் தாய் துணையானார். மகளின் பணி வளர்வதைக் கண்டு, நெடுங்காலம் வாழ்ந்து, 1925-ம் ஆண்டில் தாய் காலமானார். நோயாளியைப் பார்ப்பவருக்கும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஐடாவுக்கு அது கிடைத்தது.

மரத்தடி வைத்தியசாலை

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள் நிறைய இருந்தார்கள். அவர்களைத் தேடி ஐடா போனார். வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார். முதலில் மாட்டு வண்டி. 1909-ம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு மோட்டார் கார் ஒன்று வந்தது. புகை விட்டுக்கொண்டு ஓடி வந்த அந்த வண்டியைக் கண்டு ஜனங்கள் பயந்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். குறித்த நாளில் சாலையோரத்தில் காத்து நின்றார்கள்.

புண்ணுக்குக் கட்டுப் போட்டால் மட்டும் போதாது. வீட்டுக்குப் போனபின் அந்தப் புண்ணைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். மருந்தைச் சொன்ன வேளையில் கொடுக்க வேண்டும். வண்டி அடுத்த முறை வரும்வரை நோயாளி இருக்கப்போவது வீட்டில்தான். வீட்டார்தான் அப்போது நர்சு.

பெண்களுக்கு ஒரு பள்ளி

தாம் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று ஐடா யோசித்தார். இந்தியப் பெண்களே கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார். 1909-ம் ஆண்டில் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அக்காலத்தில் நர்சு வேலையைத் தாழ்வாக நினைத்தவர்கள் பலர். நல்ல குடும்பத்துப் பெண் அந்நியருடைய புண்ணைத் தொடலாமா என்று கேட்டார்கள். வீட்டில் அதே பெண், மாமனாருக்கும் மாமியாருக்கும் அதே வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தாள். அந்த வேலைக்குப் படிப்பையும், பெயரையும், சம்பளத்தையும் நர்சுப் பள்ளி கொடுத்தது.

அடுத்து, பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. ஐடா அனுமதி கேட்டபோது, சேருவதற்குப் பெண்களே வரமாட்டார்கள் என்று அதிகாரிகள் எண்ணினார்கள். 1918-ம் ஆண்டில் பள்ளி திறந்தது. 151 பெண்கள் விண்ணப்பம் போட்டார்கள். இடம் இல்லாமல் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. முதல் வகுப்பு மாணவிகள் 1922-ம் ஆண்டில் தேர்வு எழுதினார்கள். தேர்வு எழுதிய எல்லோரும் தேறினார்கள்.

திண்டிவனத்தில் அந்த இரவு மூன்று கணவன்மார் தேடி அலைந்த பெண் டாக்டர், இப்போது ஆண்டுதோறும் வேலூரிலிருந்து புறப்பட்டுப் போனாள்.

வேலூர் நகருக்குள் பெரிய ஆஸ்பத்திரியும் எழுந்தது. பிறகு ஒரு சோதனை வந்தது. மருத்துவப் பள்ளிகள் பட்டம் தரும் கல்லூரிகளாக உயர வேண்டும் என்று அரசு 1938-ம் ஆண்டில் கூறியது. அதற்கு நிறையப் பணமும், புதிய கட்டடங்களும், உயர்ந்த பட்டம் பெற்ற ஆசிரியர்களும் வேண்டும். முடியாவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான். 70 வயதில் ஐடா மீண்டும் அமெரிக்கா போய், ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1942-ம் ஆண்டில் பட்ட வகுப்பு தொடங்கியது. சில ஆண்டுகளில் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஐடா 1946-ம் ஆண்டில் ஓய்வு பெற்றார். அவருக்குப்பின் டாக்டர் ஹில்டா லாசரஸ் பொறுப்பேற்றார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

உறவினரும் உள்ளே வரலாம்

ஐடா கொடைக்கானலில் ஓய்வாக வாழ்ந்தபோது, அவர் தொடங்கிய நிலையத்தில் இன்னொரு புதுமை நடந்தது. 1957-ம் ஆண்டில் வேலூரை அடுத்த பாகாயத்தில் மனநோய் சிகிச்சை நிலையம் தொடங்கிற்று. கனடா நாட்டு டாக்டர் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் அதைத் தொடங்கினார்.

அக்காலத்தில் மனநோய் வந்தவரைப் பெரிய மதிலுக்குப் பின்னே விட்டுவிட்டு, உறவினர்கள் திரும்பிப் போவது வழக்கம். சிலர் மறுபடி வந்து பார்ப்பதே இல்லை. நோய் தீர்ந்தவரும் போக இடமில்லாமல் உள்ளேயே கிடந்தார்கள். வேலூரில் வேறு வழி கண்டார்கள். நோயாளியுடன் குடும்பத்தில் ஒருவர் வந்து தங்க வேண்டும். அவரே சமைத்துக் கொடுக்கலாம். நோய் எத்தகையது, மருந்தை ஏன் நிறுத்தக்கூடாது, கோபம் வந்தால் எப்படிப் பேசுவது என்பதை டாக்டர்கள் அவருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளி வீடு திரும்பும்போது, நோயைப் புரிந்துகொண்ட ஒருவர் கூடவே போனார்.

பஞ்சாபில் அமிர்தசரசு நகரிலும் டாக்டர் வித்யாசாகர் அதே காலத்தில் இப்படிச் செய்தார். ஆஸ்பத்திரி நிலத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்க வைத்தார். வேலூர் அனுபவத்தை டாக்டர்கள் எழுதினார்கள். அந்தக் கட்டுரை 1963-ம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவ ஏட்டில் வந்தது. குடும்பத்தை ஒதுக்கி வைத்துப் பழகிய மேல்நாட்டு டாக்டர்கள், குடும்பத்தையே மருந்தாக்கிய செய்தியைப் படித்தார்கள்.

அந்தச் செய்தி வெளியாகும்போது ஐடா உயிருடன் இல்லை. 1960-ம் ஆண்டு மே மாதத்தில், 89-ம் வயதில், அவர் கொடைக்கானலில் காலமானார். அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை.

பார்த்துக்கொள்பவரின் பாரம்

ஐடாவுக்குப் பின் ஆராய்ச்சி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நோயாளிக்கு என்ன செய்கிறது என்று கேட்ட டாக்டர்கள், பக்கத்தில் இருப்பவருக்கு என்ன செய்கிறது என்றும் கேட்கத் தொடங்கினார்கள்.

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ம் ஆண்டில் ஸ்கார்ப் என்ற மனநல நிலையத்தைத் தொடங்கினார். அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் நீண்ட கால மனநோயாளிகளின் குடும்பத்தாரோடு பேசினார்கள். அவர்கள் சுமக்கும் பாரத்தை அளந்து அறிய ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்தார்கள். அது 1998-ம் ஆண்டில் வெளியாயிற்று.

பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் ஒரே உண்மையைச் சொல்கின்றன. நெடுநாள் நோயாளியைப் பார்ப்பவருக்குத் தூக்கம் கெடுகிறது. கைக்காசு கரைகிறது. நண்பர் வீட்டுக்கும் நல்ல காரியத்துக்கும் போவது நின்றுவிடுகிறது. மனம் சோர்கிறது. கடைசியில் அவரே நோயாளி ஆகிறார். இந்தப் பாரத்தில் பெரும் பங்கு பெண்கள் தலையில்தான் விழுகிறது.

ஆகவே ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் விட்டுவிடக்கூடாது. வாரத்தில் சில இரவுகளாவது வேறொருவர் முறை வைத்து விழிக்க வேண்டும். அண்ணன் தம்பிகள் பணம் அனுப்புவதோடு நில்லாமல், நேரில் வந்து உட்கார வேண்டும். மருந்தின் பெயரையும் வேளையையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால், யார் வந்தாலும் தவறாமல் கொடுக்கலாம். எழுந்திருக்க முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தால், படுக்கைப் புண் வராமல் தடுக்கலாம். நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இவற்றை நர்சிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். கேட்பதில் வெட்கம் இல்லை.

வெளியிலிருந்து உதவியும் வருகிறது. கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-ம் ஆண்டில் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், பின்னர் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு, தீராத நோயாளிகளின் வீட்டுக்கே போயிற்று. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கப்பட்டது. வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து கொடுப்பதும், படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீட்டிலேயே பராமரிப்புத் தருவதும் அதில் அடங்கும். குடியாத்தம் சாலையில் ஐடா வண்டி ஓட்டிப் போனதும் இதே நோக்கத்தோடுதான்.

உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால், பார்த்துக்கொள்பவருக்கு அன்றையக் கூலியும் போய்விடுகிறது. அத்தகைய வீட்டுக்கு மருந்து மட்டும் போதாது. கற்றுக் கொடுக்கவும், முறை மாற்றிக்கொள்ளவும் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தால், அந்த வீட்டுப் பெண் கண்ணயர்ந்து எழுவாள்.